சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்கவும்

உங்களில் யாராவது ஒருவர் கூடிய சீக்கிரமே, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டுத் திரையைப் பார்ப்பீர்கள். எல்லாக் கோடுகளும் மேலே ஏறிச் சிவப்பாகிக் கிடக்கும். யாரையாவது தடுக்க வேண்டும், எதையாவது அணைக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்ற நேரத்தில் நீங்கள் என்னைவிட நன்றாகவே வேலை பார்ப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஆபீஸிலிருந்து கேட்டார்கள். "எந்த பட்டனை அழுத்தறதுங்கறதெல்லாம் வேண்டாம் மேடம், அதுக்கு மேனுவல் இருக்கு" என்றார்கள். எனக்கும் அது சௌகரியம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு பாதிக் கட்டளைகள் மறந்துவிட்டன. காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், பேப்பர் படிக்கிறேன், மதியம் யாரும் எழுப்பாமல் தூங்குகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

நம் வேலை என்னவென்று என் சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்றுவரை புரிந்ததில்லை. கல்யாண வீடுகளில் கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி முடித்துவிடுவேன். உங்களுக்காவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, டொமைன் என்பார்கள். அந்தப் பெயர் எந்தக் கம்பெனி மூலமாகப் பதிவானது, எந்தத் தேதி வரை செல்லும், இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்வதுதான் நம் வேலை. முன்பெல்லாம் சொந்தக்காரரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாமே பதிலில் வரும். இப்போது அதையெல்லாம் மறைத்துவிட்டார்கள். கம்பெனியும் தேதியும் மட்டும் தெரியும். அடையாள அட்டை வேண்டாம், கட்டணம் கிடையாது, காரணமும் சொல்லத் தேவையில்லை.

பதிவுகளை வைத்திருப்பவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். கோயமுத்தூர் சரவணம்பட்டியில் நாம் கவனித்துக்கொள்வது கேள்வி வரும் வாசலை மட்டும்தான். அந்த வாசலுக்கு வருகிறவர்களில் மனிதர்கள் ரொம்பக் குறைவு என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வீர்கள். பெரும்பாலும் புரோகிராம்கள். அவற்றிலும் முக்கால்வாசி, பெயர் பிடிக்கிறவர்களுடையவை. யாரோ ஒருவர் தன் வெப்சைட்டின் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிடுகிறார். அதை மீட்க அவருக்குக் கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. அதுவும் போனால் சில நாளில் பெயரைப் பொதுவில் விட்டுவிடுவார்கள், முதலில் கேட்பவருக்கு அது சொந்தம். பெயர் பிடிக்கிறவர்களின் புரோகிராம்கள் நல்ல பெயர்களாகப் பார்த்து வைத்துக்கொண்டு, விட்டாச்சா, விட்டாச்சா என்று நம் உயிரை எடுக்கும். அது சட்டப்படியான தொழில்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, எரிச்சல் மட்டும் உண்டு.

எங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்லாமல் அன்றைய கதையைச் சொல்ல முடியாது. பெயர் வேண்டாம், அவருக்குக் கூச்சமாக இருக்கும். வீட்டில் தெலுங்கு, வெளியில் கோயமுத்தூர்த் தமிழ், இரண்டிலும் 'இல்லை' என்ற சொல் அவருக்குத் தெரியாது. லோன் வேண்டுமா என்று கேட்டு வரும் போனைக்கூட அவரால் வைக்க முடியாது. "இப்ப தேவைப்படலீங்களே, நீங்க சாப்டாச்சுங்களா" என்று ஆரம்பித்து, பேசுகிற பெண்ணின் ஊர், படிப்பு எல்லாம் விசாரித்து, கடைசியில் அந்தப் பெண்ணே அலுத்துப்போய் வைத்துவிடும். நானும் இதே ஊர்தான். ஆனால் 'ங்க' போடுவதில் நான் கொஞ்சம் கஞ்சம். அதனால் ஆபீஸில் முகத்துக்கு நேரே பேச வேண்டியதெல்லாம் என் தலையில் வந்து விழும்.

கூட்டம் தாங்காத நேரத்தில் நம் சேவை ஒரு வாக்கியத்தைப் பதிலாக அனுப்பும். அவர் எழுதிய வாக்கியம். "தற்போது கேள்விகள் அதிகமாக உள்ளன. சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்கவும்." ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது, தமிழிலும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். அதில் எனக்கும் பெருமைதான். 'முடியாது' என்று போடுங்கள் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "வந்தவங்களை அப்புடிச் சொல்ல முடியுங்களா" என்பார்.

அவர் வைத்திருந்த இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். ஆபீஸில் இருக்கும் எங்களுக்கென்று தனி வழி கிடையாது. நாங்கள் ஒரு பெயரைப் பார்க்க வேண்டுமென்றாலும் எல்லோரும் வருகிற அதே வாசலில்தான் கேட்க வேண்டும். வெளியில் இருப்பவர்கள் படும் பாடு எங்களுக்கும் தெரிய வேண்டுமாம். மற்ற விஷயங்களில் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவர், இதில் மட்டும் அசையமாட்டார்.

அன்றைக்கு மதியம் தயிர்ச்சோற்றில் கை வைத்திருந்தேன். கூட்டத்தின் அளவைக் காட்டும் கோடுகளெல்லாம் ஏறித் திரை சிவந்தது. பொதுவில் விடப்போகும் பெயர்களில் எல்லோரும் ஆசைப்படும் சின்னப் பெயர் ஒன்று இருந்தது. அதற்காக முந்தின நாளிலிருந்தே கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. மதியம் அது உச்சத்துக்குப் போய்விட்டது. வருகிற கேள்விகளில் பாதிக்குமேல் ஒரே செல்போன் கம்பெனியின் இணைப்பு வழியாக வந்தன. பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா. எங்கள் அணியில் நன்றாக புரோகிராம் எழுதுகிற பெண், அவசரப்படாத பெண்.

"அந்தக் கம்பெனி வழியா வர்றதை மொத்தமா சாத்திடு" என்றேன் அவளிடம்.

மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "மேடம், பொதுச் சேவைங்க. யாரையும் வராதீங்கன்னு சொன்னா நல்லா இருக்காதுங்களே."

"இப்பவும் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் போகலையே சார். அவங்களுக்கெல்லாம் உங்க வாக்கியம்தான் போயிட்டிருக்கு."

அது உண்மை. மனிதர்கள் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுப் போவார்கள். புரோகிராம்கள் படிப்பதில்லை. 'மீண்டும்' என்று கண்டதுமே மீண்டும் கேட்கும்படி எழுதப்பட்டவை அவை. நாம் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்கிறோமோ, அத்தனை தடவை திரும்பி வரும். நம் மரியாதையே கூட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வெப்சைட்டின் அடியில் புகாருக்காகப் போட்டிருக்கும் நம்பர். வலது கையில் சோறு இருந்ததால் இடது கையால் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஏனுங்க, டொமைன் பாக்கற ஆபீசுங்களா? நான் கிணத்துக்கடவுல இருந்து பேசறனுங்க. வேலையா இருந்தீங்கன்னா அப்புறமா கூப்புடறனுங்க."

"வேலைதான் இருக்கு. சொல்லுங்க" என்றேன்.

பேசியது தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு பெண்மணி. களத்தில் கொப்பரை காயவைத்து, செக்கில் ஆட்டி, பாட்டிலில் அடைத்து, சொந்தப் பெயரில் விற்கிறார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். வெப்சைட்டின் பெயர் எல்லா பாட்டில் லேபிளிலும் அச்சாகியிருக்கிறது. வெளியூர் ஆர்டர் முழுக்க அதன் வழியாகத்தான் வரும். கொஞ்ச நாளாக அதைத் திறந்தால் வெறும் வெள்ளையாக இருக்கிறதாம்.

"பதிஞ்சு குடுத்த தம்பி துபாய் போயிருச்சுங்க. நம்பரும் மாத்திருச்சுங்க. எந்தக் கம்பெனில பதிஞ்சாங்கன்னே எனக்குத் தெரியலீங்க. பேங்க்ல ஒரு சார் சொன்னாருங்க, உங்க எடத்துல பேரை அடிச்சுப் பாத்தா கம்பெனி தெரியும், அவங்களுக்குப் போன் பண்ணா சரி பண்ணிக் குடுப்பாங்கன்னு."

"கம்பெனிக்காரங்க மெயில் போட்டிருப்பாங்களே, பாக்கலையா?"

"அந்த மெயிலும் அந்த வெப்சைட்டு பேருலயேதானுங்க இருந்துச்சு. இப்ப அதுவும் தொறக்க மாட்டேங்குதுங்க."

சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிய மாதிரிதான். நம் தொழிலில் இந்தத் தப்பை வாரம் ஒருவராவது செய்வார்கள், திட்டாதீர்கள்.

"எங்க வெப்சைட்ல அடிச்சுப் பாத்தீங்களா?"

"நேத்துல இருந்து பாக்கறனுங்க. சித்த நேரம் கழிச்சுக் கேளுங்கன்னு வருதுங்க. சரி, வேலையா இருக்கறாங்களாட்ட இருக்குதுன்னு களத்துக்குப் போயி கொப்பரையைக் கிளறி உட்டுப்போட்டு வந்து பாத்தனுங்க. அப்பவும் அதேதானுங்க. சாயங்காலம் ஒருக்கா பாத்தேன், இன்னைக்குக் காலைல ஒருக்கா பாத்தேன். சும்மா சும்மா கேட்டாலும் உங்களுக்குத் தொந்தரவுதானுங்களே. நாளைக்குக் கேக்கட்டுங்களா?"

பின்னால் நின்ற மேலாளர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

பெயரைக் கேட்டுக்கொண்டேன். எந்தெந்தப் பெயருக்கு மீட்கும் அவகாசம் அன்று முடிகிறது என்ற விவரம் காலையிலேயே எங்களுக்கு வந்துவிடும், கூட்டம் எப்போது வரும் என்று கணிக்க உதவும். அதில் பெயர்கள் மட்டும்தான் இருக்கும், கம்பெனி இருக்காது. தேடிப் பார்த்தேன். அந்தப் பெயர் இருந்தது. அன்றைக்கு மாலையோடு முடிகிறது. அதற்குள் கம்பெனியைக் கண்டுபிடித்துப் பேசாவிட்டால் பெயர் கையை விட்டுப் போய்விடும். அப்புறம் யாரோ ஒருவர் அதைப் பிடித்துக்கொள்வார். கடைகளில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலும், இந்த அம்மாவின் வாடிக்கையாளர்களை அந்த யாரோ ஒருவரிடம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

"நாளைக்கு வேண்டாங்க" என்றேன். "இன்னைக்குச் சாயங்காலத்தோட டைம் முடியுது."

"அப்ப கம்பெனி பேரை மட்டும் நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்களேன். ஒடனே போன் பண்ணிக்கறனுங்க" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு பெயரை அடித்தேன். தற்போது கேள்விகள் அதிகமாக உள்ளன, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் வருந்தினோம். பதிவுகள் இருக்கும் ஊருக்கு ஸ்டெல்லா இன்னொரு போனில் கூப்பிட்டாள். மெயில் அனுப்புங்கள், வரிசைப்படி பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஸ்டெல்லா, அந்த செல்போன் கம்பெனியைச் சாத்து" என்றேன்.

அவள் சாத்தவில்லை. போனைப் பார்த்துக் குனிந்து, "அம்மா, நீங்க கம்ப்யூட்டர்ல பாக்கறீங்களா, போன்லயா?" என்று கேட்டாள்.

"போன்லதானுங்க கண்ணு."

"எந்த சிம்முங்க?"

நான் சாத்தச் சொன்ன அதே கம்பெனி. அந்தக் கம்பெனியின் செல்போன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இணைப்பு எண்ணில் நம்மிடம் வரும். பெயர் பிடிக்கிறவர்களும் இந்த அம்மாவும் நமக்கு ஒரே முகம்தான். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் அந்த அம்மாவிடம், "வைக்காம இருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மறுபடி பாக்கலாம்" என்றேன். "சரிங்க, நான் எங்கயும் போகலீங்க" என்றார்.

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். முகம் வாடிப்போயிருந்தது. தான் எழுதிய வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தது உலகத்திலேயே இந்த ஒரு அம்மாதான் என்பது அவருக்கு உறைத்திருந்தது.

"பதில் வாங்கிட்டுப் போனவங்களே திரும்பத் திரும்ப வந்து நிக்கறாங்க" என்றார். "ஒருக்காகூட வாங்காதவங்களுக்கு எடமில்லாமப் போச்சுங்க. ஏன் கண்ணு, யார் கேக்கறாங்கன்னு பாக்காம, என்ன கேக்கறாங்கன்னு பாத்துத் தடுக்க முடியுமா?"

ஸ்டெல்லா யோசித்தாள். "முடியும் சார். ஒரே எண்ணுல இருந்து ஒரே பேரைக் கேட்டு, அதுக்கு நாம பதிலும் குடுத்தாச்சுன்னா, ஒரு அளவுக்கு மேல குடுக்க வேண்டாம். புதுசா ஒரு பேரைக் கேட்டா குடுத்துடலாம். கேட்டதைக் கணக்குல எடுக்காம, குடுத்ததை மட்டும் எடுக்கலாம்."

"அப்ப அந்தம்மாவுக்கு?"

"அவங்களுக்கு நாம இன்னும் ஒண்ணுமே குடுக்கலையே சார்."

வார நாளில், அதுவும் கூட்டம் கழுத்தை நெரிக்கும்போது, பதில் அனுப்பிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் இயந்திரங்களில் கை வைக்கக் கூடாது என்பது வழக்கம். உங்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுப்பார்கள், சரியாகத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். தப்பாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர். முதலில் ஒரே ஒரு இயந்திரத்தில் போட்டுப் பார்க்கலாம், கெட்டுப்போனால் அதை மட்டும் எடுத்துவிடலாம் என்று அவரே முடிவு செய்தார். அந்தச் சின்னப் பெயரை நியாயமான காரணத்துக்காகக் கேட்க வருகிறவர்கள் சிலருக்கும் பதில் கிடைக்காமல் போகலாம். அதுவும் தெரிந்தேதான் செய்தோம்.

ஸ்டெல்லா எழுதிக்கொண்டே கேட்டாள். "அளவு மீறினவங்களை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கட்டும் சார்? பத்து நிமிஷம்?"

"நாளைக்குக் காலை வரைக்கும்" என்றார் மேலாளர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

வாக்கியத்தை மாற்றும் வேலை மிச்சம் இருந்தது. ஸ்டெல்லாவிடமிருந்து விசைப்பலகையை வாங்கி அவரே அடித்தார். முதலில் 'தயவுசெய்து' போனது. 'வருந்துகிறோம்' மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதையும் எடுத்தார். "இந்தப் பெயருக்கான பதில் உங்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. நாளைக் காலை வரை மறுபடி கொடுக்க இயலாது." அவ்வளவுதான். அடித்து முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

போட்டோம். 'மீண்டும்' இல்லாத பதிலைக் கண்ட புரோகிராம்கள் ஓய்ந்து, அந்த ஒரு இயந்திரத்தில் சிவப்பு இறங்கியது. மற்றவற்றிலும் போட்டோம், எல்லாக் கோடுகளும் இறங்கின. ஸ்பீக்கரில் அந்த அம்மா, "ஏனுங்க, இப்பப் பாக்கட்டுங்களா?" என்றார். பாருங்கள் என்றேன். சொன்ன கையோடு, "வந்துருச்சுங்க" என்றார். கம்பெனியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அது மும்பையில் இருக்கும் ஒரு கம்பெனி. "ரொம்ப நன்றிங்க, அவங்களைக் கூப்புட்டுப் பாக்கறனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அவருடைய நம்பரை வாங்கி வைக்க எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு இறங்கியதும் வேலை முடிந்தது என்று எனக்குத் தோன்றியிருந்தால் என் சோற்றைச் சாப்பிட்டிருப்பேன். முடியவில்லை. மும்பைக்காரர்கள் போனில் பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொல்வார்களே, இந்த அம்மா அதற்கும் மரியாதையாகக் காத்திருப்பாரே என்று அடித்துக்கொண்டது. இந்தி பேசினால் என்ன செய்வார் என்று ஸ்டெல்லா கவலைப்பட்டாள். அந்தப் பெயரை அடித்துப் பார்த்தேன். இன்னும் மீட்கப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். ஸ்டெல்லாவும் பார்த்தாள். விஷயம் பரவி, எங்கள் மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார்கள். தேநீர் வந்தபோது பார்த்தோம், தேநீர் குடித்ததும் பார்த்தோம். அவகாசம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. நான் மறுபடி அடித்தேன்.

இந்தப் பெயருக்கான பதில் உங்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, நாளைக் காலை வரை மறுபடி கொடுக்க இயலாது என்று வந்தது.

ஆபீஸ் முழுவதும் ஒரே எண் வழியாகத்தானே வெளியே போகிறது. எல்லோருமாகச் சேர்ந்து அளவை மீறிவிட்டோம். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலாளரிடம் போய், "நம்ம எண்ணை மட்டும் விலக்கு வச்சிடலாம் சார். ஒரு தடவை பாத்துட்டு எடுத்துடலாம்" என்றேன்.

"இல்லீங்க மேடம்" என்றார். "முடியாதுங்க."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனில் பார்க்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அதுவும் கூடாது என்று மறுத்துவிட்டார். கேட்டதையே கேட்பவர்களை நிறுத்திவிட்டு நாமே வேறு வழியாகப் போய் நிற்பதா என்று கேட்டார். அவகாசம் முடிந்தது. அந்த அம்மாவிடமிருந்து போன் வரவில்லை. காரியம் நடந்திருந்தாலும், நடக்காவிட்டாலும், நம்மைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கூப்பிட்டிருக்க மாட்டார். தெரியாமலேயே வீட்டுக்குப் போனோம். அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை, வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவும் இல்லை.

காலையில் நான் முதல் ஆளாகப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்பே ஸ்டெல்லா இருந்தாள். மேலாளர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அடித்துப் பார்த்துவிட்டார்களா என்று கேட்டேன். உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்றாள் ஸ்டெல்லா.

உட்கார்ந்து பெயரை அடித்தேன். பதில் வந்தது. அதே மும்பைக் கம்பெனி. முடியும் தேதி ஒரு வருடம் தள்ளிப் போயிருந்தது, அப்படியென்றால் பெயர் மீட்கப்பட்டு அந்த அம்மாவிடமே இருக்கிறது.

ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். மேலாளர் குனிந்து அந்தத் தேதியை நன்றாகப் படித்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்பத் தயங்கிக் கேட்டார்.

"இன்னொருக்கா அடிங்க மேடம், பாக்கலாமுங்க."